பாட்டு எப்போ வரும்?

போன மாதம் ஆம்பூரில் ஒரு படிப்பு வட்டம். பேச்சு முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். மேசையில் கிடந்த என் போனை ஒரு தம்பி எடுத்தான். அது ப்ளூடூத் ஸ்பீக்கரோடு இணைந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது நான் பாதியில் நிறுத்தியிருந்த இசை அறை முழுக்கக் கேட்க ஆரம்பித்தது. தாளம் இல்லை, பாடகர் இல்லை, வார்த்தை இல்லை. ஒரு சுரம் மெல்ல எழும்பி, கரைந்து, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வரும். அரை நிமிடம் வரை எல்லோரும் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்றே நினைத்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் ஒரே சிரிப்பு. ஒரு கல்லூரி மாணவி மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: “தோழர், பறை கத்துக்கச் சொல்லி எங்களை அனுப்பினதே நீங்கதான். நீங்க தனியா உக்காந்து இதையா கேக்கறீங்க? இது யாரோட இசை?”

அன்று மழுப்பிவிட்டேன். மழுப்பியது உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுக்கும், அவளைப் போல மனதுக்குள் கேட்டுக்கொண்ட மற்ற தம்பி தங்கைகளுக்கும் பதிலாக இதை எழுதுகிறேன்.

இதற்குப் பெயர் ஆம்பியன்ட். சின்தசைசர், டேப், கம்ப்யூட்டர் போன்ற மின்கருவிகளை வைத்துச் செய்வது. இந்தப் பெயரைப் பரப்பியவர் இங்கிலாந்துக்காரர் பிரையன் ஈனோ. 1975இல் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி ஒருவர் ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைச் சிரமப்பட்டுப் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்த பிறகுதான் சத்தம் மிகக் குறைவாக இருப்பது தெரிந்தது. ஒரு ஸ்பீக்கர் வேலையும் செய்யவில்லை. எழுந்துபோய்க் கூட்டி வைக்க உடம்பில் தெம்பு இல்லை. வெளியே மழை. மழையோடு மழையாக அந்த இசை பாதி கேட்டும் பாதி கேட்காமலும் ஓடியது. இசையை இப்படியும் கேட்கலாமே என்று தோன்றியதாக அவரே பிறகு எழுதினார். 1978இல் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ என்ற தட்டு வந்தது. விமான நிலையத்தில் காத்திருப்பவர்களுக்கான இசை. கவனித்துக் கேட்கலாம், கவனிக்காமலும் விடலாம். எதற்கும் அது கோபித்துக்கொள்ளாது.

நான் முதன்முதலில் கேட்டது அந்தத் தட்டைத்தான். பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பனின் அறையில். ஒரு வழக்கு விஷயமாக மூன்று நாள் அலைந்து, தூக்கமில்லாமல் அவன் அறைக்குப் போயிருந்தேன். அவன் எதுவும் பேசவில்லை. உறையிலிருந்து கறுப்புத் தட்டை எடுத்தான், துணியால் துடைத்தான், ஊசியை வைத்தான். முதலில் சின்னதாகப் பொரிகிற சத்தம். அப்புறம் ஒரு பியானோ. அடுத்த சுரம் வருமா வராதா என்று காத்திருக்க வைக்கிற பியானோ. இருபது நிமிடத்துக்கு மேல் நான் அசையவில்லை. ஒரு பக்கம் முடிந்து ஊசி காலிப் பள்ளத்தில் சுற்றும் சத்தம் கேட்டபோதுதான், இவ்வளவு நேரம் யாருக்கும் போன் பண்ணவில்லை, யாரிடமும் கோபப்படவில்லை, எதையும் திட்டமிடவில்லை என்பது உறைத்தது. கடைசியாக அப்படி எப்போது இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

ஏன் நினைவுக்கு வரவில்லை என்றால் அதற்கு எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுச் சுவருக்கும் ஒரு டேனரியின் பின்சுவருக்கும் நடுவில் ஒரு சாக்கடைதான். உள்ளே மரத்தால் செய்த டிரம்கள். ஆளைவிட உயரமானவை. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வந்த தோலை, தண்ணீரும் குரோமும் சேர்த்து அதில் போட்டு, ராத்திரி முழுக்கச் சுற்ற விடுவார்கள். உள்பக்கம் இருக்கும் முளைகள் தோலை மேலே தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்கும். நனைந்த தோல் மேலிருந்து விழும் சத்தம், தண்ணீர் சளசளக்கும் சத்தம், மோட்டார் உறுமல், பல்சக்கரம் கடகடப்பது. காலையில் தோல் வெளிர்நீல நிறத்தில் வெளியே வரும். ‘வெட் ப்ளூ’ என்பார்கள். என் நைனா அந்த டிரம் பக்கத்தில் 31 வருடம் நின்றார். நான் பத்தாம் வகுப்புப் படித்ததும், பாபாசாகேப்பை முதன்முதலில் வாசித்ததும் அந்தச் சத்தத்துக்குள்தான். கரண்ட் போய் டிரம் நின்றால் குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும்.

இன்று நைனாவுக்கு இடது காது கேட்காது. வலது காதில் சதா ஒரு ரீங்காரம். ‘உள்ள வண்டு பூந்துக்கிச்சு’ என்பார். காதுக்கு அடைப்பான் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரைதான் சத்தம் இருக்கலாம் என்று தொழிற்சாலை விதிகளில் எழுதியிருக்கிறது என்பதை நான் தெரிந்துகொண்டது, அவர் வேலையை விட்டு நின்ற பிறகு.

நாற்றத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். பாலாற்றைப் பற்றி உச்ச நீதிமன்றமே எழுதியிருக்கிறது. 1996இல் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பு வந்தது. சட்டக் கல்லூரியில் படிக்கும் உங்களுக்கு அது பாடம். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றி மறுபடி பேச வேண்டியிருந்தது. ஆனால் சத்தத்தைப் பற்றிப் பேசுவார் இல்லை. தண்ணீரிலும் மண்ணிலும் இருப்பதை அளக்கிறோம். ஒரு சேரியின் காதுக்குள் 40, 50 வருடமாகக் கொட்டியதை யாரும் அளக்கவில்லை.

இப்போது பறைக்கு வருகிறேன். அந்த மாணவியின் கேள்வியில் முள் அங்கேதான் இருந்தது.

பறை எனக்கு உயிர். ஆனால் அதன் வரலாற்றை நேராகப் பார்ப்போம். ஊரின் சாவுக்கு அடிப்பது எங்கள் தாத்தாக்களுக்குக் கடமையாகத் திணிக்கப்பட்டது. கூப்பிட்டால் போக வேண்டும், நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். அதனால்தான் ஒரு தலைமுறை ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று பறையைக் கீழே வைத்தது. அதற்காக அடியும் வாங்கியது. அதற்குப் பிறகு வந்தவர்கள் அதே பறையை விடுதலையின் கருவியாகத் திரும்பக் கையில் எடுத்தார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையோடு மேடையேறியது அப்படித்தான். 2018இல் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் நிறுத்தியதும் அந்த வரிசையில்தான். அடிக்க மறுத்ததும் நம் உரிமை, அடித்ததும் நம் உரிமை.

ஆனால் வேறொன்றைக் கவனியுங்கள். இந்த நாட்டின் இசைக்குத் தோல் கொடுத்தவர்கள் நாம். மிருதங்கத்துக்குத் தோல் கட்டும் கைகளைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் கைகளில் பெரும்பாலானவை தலித் கிறிஸ்தவர்களுடையவை. தோல் கட்டுபவர் ஒருவர், கைத்தட்டல் வாங்குபவர் இன்னொருவர். நமக்கு ஒதுக்கப்பட்டது எப்போதும் அடிப்பது, உரிப்பது, கட்டுவது. அசையாமல் உட்கார்ந்து கேட்கும் இடம் ஒதுக்கப்படவில்லை. இன்று முற்போக்கு மேடைகளிலும் ஒரு தலித் இளைஞன் வந்தால் ‘தம்பி, ஒரு அடி அடிங்க’ என்கிறார்கள். ‘தம்பி, உக்காந்து கேளுங்க’ என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

ஆம்பியன்டில் தோல் இல்லை. அடி இல்லை. பறை என்றால் சொல்லுதல். இந்த இசை எதையும் சொல்வதில்லை. என்னிடம் எதையும் கேட்பதும் இல்லை. ‘எந்த ஊர், எந்தத் தெரு’ என்று கேட்காத ஒரு அறை மாதிரி இருக்கிறது அது. பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

‘சரி, ஆனா இது வெள்ளைக்காரன் இசை’ என்பீர்கள். முழுக்க அப்படி இல்லை. அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது, என்.ஐ.டி. 1969இல் அமெரிக்காவிலிருந்து டேவிட் டியூடர் என்ற இசைக்கலைஞர் ஒரு மூக் சின்தசைசரோடு அங்கே வந்து மின்னிசை ஸ்டூடியோ ஒன்றை அமைத்தார். பின்னணியில் இருந்தவர் பக்கவாஜ் கற்ற கீதா சாராபாய். 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்றுக்கொடுத்து, அவரிடம் மேற்கத்திய இசையைக் கற்றவர். மனதை அமைதியாக்குவதுதான் இசையின் வேலை என்ற எண்ணத்தை கேஜ் இவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். மௌனத்தையே இசையாக வைத்த கேஜின் வழியில் பின்னால் வந்தவர் ஈனோ. அந்த அகமதாபாத் ஸ்டூடியோ 1972 வாக்கில் முடிந்துபோனது. அங்கே பதிவான டேப்புகள் பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்தன. லண்டன் கலைஞர் பால் பர்காஸ் அவற்றைத் தேடி எடுத்தார். 2023இல் ‘தி என்.ஐ.டி. டேப்ஸ்’ என்று வினைல் தட்டாகவும் வந்தது. அதில் ஜின்ராஜ் ஜோஷிபுராவின் ‘ஸ்பேஸ் லைனர் 2001’ கேட்டுப் பாருங்கள். மனிதன் நிலவில் கால்வைத்த காலத்து இந்தியா, அதற்கும் மேலே எங்கோ பறக்க ஆசைப்படுவது கேட்கும்.

அதைக் கேட்கும்போது சந்தோஷமும் வந்தது, கோபமும் வந்தது. சாராபாய் குடும்பம் காலிகோ மில்லின் சொந்தக்காரர்கள். இந்த மில் தொழிலின் கதை நமக்குத் தெரியும். பம்பாயில் தறிப் பகுதிக்குள் தீண்டப்படாதவர்களை விடமாட்டார்கள். நூல் அறுந்தால் வாயில் ஈரமாக்கி முடிய வேண்டும், ‘இவன் எச்சில் பட்ட நூலை நாங்கள் தொடுவதா?’ என்றார்கள் சக தொழிலாளர்கள். கூலி அதிகம் கிடைத்தது அந்தத் தறிப் பகுதியில்தான். 1928 வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் இதை எழுப்பினார். நூலைத் தொடவே விடாத நாட்டில், சின்தசைசரின் வயரை யார் தொட்டிருப்பார்கள்? அந்த ஸ்டூடியோவில் நடந்த வேலை அருமையானது. அங்கே போவதற்கான பாதை எங்கள் தெரு வழியாகப் போகவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

இந்த இடத்தில் எனக்கு வழிகாட்டியது இசைப் புத்தகம் எதுவும் இல்லை. 1945இல் வந்த அம்பேத்கரின் ‘காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன?’ நூல்தான். அதில் காந்தியத்தைப் பற்றிய பகுதியைக் கட்டாயம் படியுங்கள். இயந்திரம் வேண்டாம், கையால் உழைப்பதே உயர்வு என்ற வாதத்துக்கு அங்கே பதில் சொல்கிறார். மனிதனை விலங்கிலிருந்து பிரிப்பது பண்பாடு. ஓய்வு இல்லாமல் பண்பாடு இல்லை. ஓய்வைத் தரக்கூடியது இயந்திரம். அதன் பலன் சிலருக்கு மட்டும் போனால் தப்பு இயந்திரத்திடம் இல்லை, சமூக அமைப்பிடம் இருக்கிறது. சுருக்கமாக அவர் வாதம் இது. ஓய்வு என்பது உழைத்தவனுக்கு மிச்சம் மீதியாகக் கிடைப்பது என்று அவர் பார்க்கவில்லை. மனிதனாக இருப்பதற்கு அதுவே அடிப்படை என்றார். சொன்னதோடு நிற்கவும் இல்லை. தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தபோது கொண்டுவந்த மசோதாதான் 1946இல் ஆலை வேலையை வாரம் 54 மணி நேரத்திலிருந்து 48 ஆகக் குறைத்தது. கடைசிக் காலத்தில் அவரே வயலின் கற்றுக்கொண்டார். அவ்வளவு வேலைக்கு நடுவில், யாருக்காகவும் இல்லாமல்.

அந்த 48 மணி நேரம் இன்னும் நம் கையில் நிலையாக நிற்கவில்லை. 2023 ஏப்ரல் 21ஆம் தேதி, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. அன்று ராத்திரி என் தங்கையின் முகத்தைப் பார்த்தேன். அவள் ஷூ கம்பெனியில் தைக்கிறவள். காலை இருட்டில் கம்பெனி வேன் வரும். இருட்டிய பிறகு திரும்ப இறக்கிவிடும். “எட்டு மணி நேரத்துக்கே புள்ள முகத்த வெளிச்சத்துல பாக்க முடியலண்ணா” என்றாள். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததில் மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். போராடினால் ஓய்வையும் மீட்கலாம் என்று அன்று கண்ணால் பார்த்தோம்.

ஓய்வுக்கே இடம் இல்லாதவர்களையும் மறக்க முடியாது. 2015 ஜனவரி 31 விடியற்காலை, ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் படுத்திருந்தவர்கள் மேல் சகதி பாய்ந்தது. 10 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை செய்த இடத்திலேயே தூங்கினார்கள், தூக்கத்திலேயே போனார்கள். அமைதியாக ஒரு தட்டைக் கேட்கும்போது இவர்கள் நினைவு எனக்கு வராமல் இருந்ததில்லை. வரக்கூடாது என்றும் நான் நினைக்கவில்லை.

இனி, நீங்கள் கேட்கப்போகும் கேள்வி. ‘அதுக்கு வினைல் எதுக்கு? போன்ல கேக்கலாமே?’

நியாயமான கேள்வி. ஒரு புதுத் தட்டு மூவாயிரம் ரூபாய் வரை போகிறது. அது என் தங்கையின் ஒரு வாரச் சம்பளம். என்னிடம் இருப்பவை மொத்தம் நான்கு தட்டுகள். பிளேயர் பழையது, காயலான் கடையில் எடுத்து ரிப்பேர் பார்த்தது. தட்டு சேர்ப்பது ஒரு அந்தஸ்து விளையாட்டாக ஆகிவிட்டதும் தெரியும். அலமாரியை போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். அந்த விளையாட்டுக்கு உங்களைக் கூப்பிடவில்லை. தோல் ஊரில் பிறந்தவனுக்கு இன்னொரு வேடிக்கையும் தெரியும். தட்டு செய்யும் அதே பி.வி.சி.யை வைத்துத்தான் தோலைப் போல நடிக்கிற ரெக்ஸினையும் செய்கிறார்கள். ‘உன் பொழப்பக் கெடுக்கற சரக்கையா காசு குடுத்து வாங்கற?’ என்று ஒரு கட்டிங் மாஸ்டர் என்னைக் கிண்டல் பண்ணியிருக்கிறார்.

ஆனாலும் தட்டு செய்கிற ஒரு காரியத்தை என் போன் செய்வதில்லை. போனில் இசை ஓடும்போதே வாட்ஸ்ஆப் வரும். எங்கோ ஒரு கோயில் நுழைவுத் தகராறு, எங்கோ ஒரு ஆணவக்கொலை, உடனே ஓடு என்று ஒரு குரல். ஓடத்தான் வேண்டும், ஓடுகிறோம். தட்டுக்கோ எழுந்து நடந்து போக வேண்டும், கையால் வைக்க வேண்டும், 20 நிமிடத்தில் திருப்பிப் போட வேண்டும். நடுவில் தாவ முடியாது. நிமிடத்துக்கு 33 சுற்று, அதற்கு மேல் வேகமாகப் போகாது. எங்கள் டிரம்மும் சுற்றியது, இதுவும் சுற்றுகிறது. அந்தச் சுற்றில் ஒவ்வொரு நிமிடமும் யாருக்கோ லாபம். இந்த 20 நிமிடத்தில் யாருக்கும் லாபம் இல்லை. அதுதான் எனக்கு வேண்டியிருக்கிறது. கீறல் விழுந்த இடத்தில் ஊசி ‘டக்’ என்று தட்டும். பட்ட அடியை மறைக்காத அந்தத் தட்டு எனக்குப் பிடிக்கும்.

தம்பி தங்கைகளிடம் மனம் திறந்து ஒன்று சொல்ல வேண்டும். நம் இயக்கத்தில் களைப்பைப் பற்றிப் பேசுவது கோழைத்தனம் மாதிரி ஆகிவிட்டது. உண்மை அறியும் குழுவில் போய், பிணவறை வாசலில் நின்று, மறுநாள் பரீட்சை எழுதும் பிள்ளைகள் நீங்கள். தூக்கமில்லாமல் உடைந்துபோய், சொல்லாமல் கொள்ளாமல் விலகிப்போன தோழர்களை எண்ண எனக்கு இரண்டு கை விரல்கள் போதவில்லை. அவர்கள் துரோகிகள் இல்லை. உட்கார இடம் கிடைக்காதவர்கள். உங்களுக்கு ஆம்பியன்ட் பிடிக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. இளையராஜா இருக்கட்டும், கானா இருக்கட்டும், ஏரிக்கரையில் சும்மா உட்கார்வதாக இருக்கட்டும். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத ஒரு அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்துக்கொண்டதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். பிறகு அதே அரை மணி நேரம் டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் இருப்பவர்களுக்குக் கிடைக்கச் சண்டை போடுங்கள். முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டால்தான் அது தப்பித்து ஓடுவது.

கடைசியாக நைனா.

போன பொங்கலுக்குப் பிளேயரை ஊருக்கு எடுத்துப் போயிருந்தேன். அந்த டேனரி இப்போது மூடிக்கிடக்கிறது. ராத்திரி டிரம் சத்தம் இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது, ஆனால் நைனாவுக்குத் தூக்கம் வருவதில்லை. வெளியே சத்தம் நின்றதும் காதுக்குள் இருக்கும் வண்டு பெரிதாகிவிட்டது என்கிறார். திண்ணையில் பிளேயரை வைத்து, அவருடைய வலது காதுப் பக்கம் ஸ்பீக்கரைத் திருப்பி, அந்த ஏர்போர்ட் தட்டைப் போட்டேன். கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டார்.

“இன்னாடா இது? பாட்டு எப்போ வரும்?”

“இதான் நைனா பாட்டு.”

நம்பாமல் என்னைப் பார்த்தார். அம்மா உள்ளே சிரித்தாள். நான் வெட்கப்பட்டு நிறுத்தப் போனேன். கையைக் காட்டி ‘இருக்கட்டும்’ என்றார். இன்னும் கொஞ்ச நேரம் போனது.

“டிரம்ம நிறுத்தினா ஒடனே நிக்காது தெரியுமா. மோட்டார ஆஃப் பண்ணாலும் மெள்ள மெள்ளச் சுத்தி, அப்புறந்தான் நிக்கும். அந்த நேரத்துலதான் பீடி பத்த வெப்போம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இது அந்த மாரி கீது.”

31 வருடத்தில் அவருக்கே அவருக்கு என்று இருந்த நேரம் அதுதான் போலிருக்கிறது. பக்கம் முடிந்து நான் தட்டைத் திருப்பிப் போட எழுந்தபோது திண்ணையிலேயே தூங்கியிருந்தார். மறுநாள் ராத்திரி மறுபடி தூக்கம் வரவில்லை. இசை யாருடைய காதையும் குணப்படுத்தாது. அதற்கு நஷ்டஈடு வேண்டும், மருத்துவம் வேண்டும், அந்தச் சத்தத்துக்குப் பொறுப்பு ஏற்க ஒரு ஆள் வேண்டும். அந்த வேலை பாக்கி இருக்கிறது.

தங்கையே, ‘இது யாரோட இசை’ என்று கேட்டாய். அன்று அந்தத் திண்ணையில் அது என் நைனாவுடையதாக இருந்தது.

ஜெய்பீம்.